கோடவுனில் கட்டிப்போட்ட டப்பாஸ்

இந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழையும் முன், ரெஜினா சொல்லிவைத்திருந்த மூன்று பொய்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாசகர்கள் மறந்திருக்கலாம். ரெஜினா மறக்கவில்லை.

முதல் பொய் கல்யாணத் தரகரிடம். மாப்பிள்ளையின் அம்மா ஞானபாக்கியத்துக்கு நாய் என்றாலே ஆகாது, பெண் வீட்டில் நாய் உண்டா என்று கேட்டுவரச் சொன்னார்கள் என்று அவர் வந்து நின்றார். "எங்க வீட்லயா? கிடையவே கிடையாது" என்றாள் ரெஜினா.

இரண்டாவது பொய் பெற்ற மகளிடம். "நான் எந்த வீட்டுக்குப் போனாலும் டப்பாஸும் என்கூட வருவான். அதை முதல்லயே அவங்ககிட்ட சொல்லிடும்மா" என்று பெனிஷா கறாராகச் சொல்லியிருந்தாள். "சொல்லியாச்சு மக்களே. அவியளும் சரின்னுட்டாவ" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள் ரெஜினா.

மூன்றாவது பொய்க்கு வயது அரை நாள். காலையில் கோயிலில் பூசை முடிந்து வந்த சூட்டோடு சொன்னது. "வாரவிய வந்துட்டுப் போற மட்டும் டப்பாஸ் செல்லம்மா வீட்ல இருக்கட்டும். கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டேன்."

செல்லம்மா மீன் விற்பவள். இரண்டு தெரு தள்ளிக் கடலோரக் குப்பத்தில் வீடு. டப்பாஸ் என்றால் அவளுக்கு உயிர். அதனால் பெனிஷா ஒரு கேள்வியும் கேட்காமல் தலை வாரப் போய்விட்டாள்.

டப்பாஸ் அங்கே இல்லை. வீட்டுக்குப் பின்னால், அவர்களுடைய மளிகைக் கடையின் கோடவுனில், தூணோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது.

ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற பெயர் திருவொற்றியூரில் யார் வாயிலும் நுழையவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளை நாய், ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. பெனிஷா மணலியில் வேலை பார்க்கும் கம்பெனியில், உடன் வேலை செய்யும் சாரா கொடுத்த குட்டி. வந்த முதல் நாளே அது சோபாவிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து அலமாரிக்கும் தாவியதைப் பார்த்த செல்லம்மாதான், "இது நாயி இல்ல, டப்பாஸு" என்று பட்டாசின் பெயரை வைத்தாள்.

கூப்பிட்டால் வருகிற ஜாதி இல்லை. கூப்பிட்டவரை ஒருமுறை நின்று பார்க்கும். வந்தால் என்ன கிடைக்கும், வராவிட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்கும். பெரும்பாலும் வராமலிருப்பதே லாபம் என்று முடிவு செய்யும். காலையிலும் மாலையிலும் கடற்கரையில் ஓடவிட்டுக் களைக்க வைத்தால் உண்டு, இல்லையென்றால் அந்தச் சக்தியெல்லாம் மெத்தைமேல் இறங்கும். பெனிஷா இதையெல்லாம் பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டாள். ரெஜினா திட்டியே தெரிந்துகொண்டாள்.

போன முறை பெண் பார்க்க வந்தவர்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே ஒரு சுண்டெலி ஓடியது. டப்பாஸ் அதன் பின்னால் ஓடியது. சித்தி காப்பியோடு மல்லாந்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், ரெஜினாவின் கணவர் பெயரைச் சொல்லி, "சூசை வீட்ல நாய்தான் நாட்டாமை" என்று யாரோ சொல்ல, நாலு பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். ரெஜினா தலையைக் குனிந்தபடியே வீடு வந்து சேர்ந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை பொய்யும்.

*

மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. வரும் நேரத்துக்குச் சற்று முன்னால், பட்டுப்புடவை கசங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் இரண்டு பிஸ்கட்டோடு ரெஜினா கோடவுன் கதவைத் திறந்தாள். திட்டுகிறவள்தான். ஆனால் பசியோடு விடமாட்டாள்.

தூணில் கயிறு மட்டும் தொங்கியது. நுனி கடிபட்டிருந்தது.

"டப்பாஸு?"

வெல்ல மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வால் ஆடியது. பிறகு முழு நாயும் வெளியே வந்து அவள் முன்னால் நின்றது. வெள்ளை மூஞ்சி முழுக்க நீலம்.

ரெஜினா புடவையை விட்டுவிட்டுக் குனிந்தாள். மூட்டையை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் எலி கேக், அந்த நீல விஷக் கட்டி, வைத்திருந்த தட்டு காலியாகக் கிடந்தது. ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

முன்பெல்லாம் கோடவுனில் எலி பிடித்தது டப்பாஸ்தான். ஒவ்வொரு எலியையும் கொண்டுவந்து ரெஜினாவின் காலடியில் போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கும். ஆனால் எலியைத் தேடி மூட்டைகளைக் கிழித்து, துவரம்பருப்பைத் தரையெல்லாம் கொட்டியதும், அவள் கணவர் சூசை நாயை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு மருந்து வைத்தார். அதை ரெஜினா மறக்கவில்லை. காலையில் தூணைச் சுற்றியிருந்த தட்டுகளை அவள் கையாலேயே எடுத்து அப்புறப்படுத்தினாள். கயிறு எட்டுகிற தூரத்தைத்தான் பார்த்தாள். கயிற்றை டப்பாஸ் என்ன செய்யும் என்று பார்க்கவில்லை.

இந்தக் கேக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கல்லாவில் நின்று இத்தனை வருஷமாக விற்பவள் அவள்தான். வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் பாட்டாகப் பாடுவாள்: "இது உடனே கொல்லாதுண்ணே. தின்னுட்டு நல்லாத்தான் ஓடிக்கிட்டுக் கெடக்கும். மூணு நாளு கழிச்சுத்தான் வேலையக் காட்டும். தண்ணி தவிச்சு வெளிய போய்ச் சாவும். வீட்ல நாத்தமே இருக்காது."

டப்பாஸ் நன்றாகத்தான் இருந்தது. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு அவள் புடவையில் தொற்றி ஏறப் பார்த்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "ஏ ரெஜினா, அவிய வந்தாச்சு" என்று சூசை கூப்பிட்டார்.

அப்போது ரெஜினா செய்ததை அவளாலேயே பிறகு நம்ப முடியவில்லை. சாக்குத் துணியை ஈரம் செய்து, டப்பாஸின் வாயையும் மூஞ்சியையும் அழுத்தித் துடைத்தாள். நீலம் போகும்வரை துடைத்தாள். பழைய சங்கிலி ஒன்றை எடுத்துத் தூணோடு பூட்டினாள். கதவைச் சாத்திவிட்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு மணி நேரம்தானே, போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். அது நான்காவது பொய். அதை அவளிடமே சொல்லிக்கொண்டாள்.

*

வந்தவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் கொடுமை.

ஞானபாக்கியம் அலட்டல் இல்லாத பெண்மணி. ராயபுரத்தில் அவர்களுக்கு மொத்த விலைப் பாத்திரக் கடை. "உங்க ஊரு எது மதினி? திசையன்விளைப் பக்கமா? அப்ப நாம சுத்தி வளைச்சுச் சொந்தம்தான்" என்று வந்த உடனே உறவு கொண்டாடினார். மாப்பிள்ளை ஜெனிஷ் அதிகம் பேசவில்லை. பெனிஷா வந்து உட்கார்ந்ததும் அவனுக்குக் காது மடல் சிவந்தது.

ரெஜினா முறுக்கு வைத்தாள். காப்பி கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசரித்தாள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. காது மட்டும் பின்பக்கக் கதவிலேயே இருந்தது. டப்பாஸ் குரைக்கிறதா? குரைத்தால் மானம் போகும். குரைக்காவிட்டால் வேறு பயம்.

சமையலறைக்குள் வந்த சூசையின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டாள். அவர் முகம் ஒரு கணம் மாறியது.

"ஓடி ஆடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மருந்து..."

"அப்ப இவிய போவட்டும். பொறவு பாப்போம். நாயக் கட்டிவச்சுட்டுப் பொய் சொன்னோம்னு தெரிஞ்சா என்ன நெனப்பாவ?"

அவள் நினைத்ததையே அவர் வாய்விட்டுச் சொன்னபோது, கேட்க அசிங்கமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மீன் கூடையோடு செல்லம்மா வந்து நின்றாள்.

"இன்னாக்கா, வூட்ல விசேஷமா? சொல்லவே இல்ல. வஞ்சரம் வந்து கீது, உனக்குன்னு ஒண்ணு எட்த்தாந்தேன்." கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "டப்பாஸு எங்க? காலைலர்ந்து கண்லயே படல. கடலாண்டகூட வர்ல."

பெனிஷா நிமிர்ந்தாள். "உங்க வீட்லதானே இருக்கான்?"

"எங்க வூட்லயா? யார் சொன்னது?"

பெனிஷா அம்மாவைப் பார்த்தாள். ஞானபாக்கியமும் பார்த்தார்.

"நாய் உண்டா மதினி? தரகர் இல்லன்னாரே."

"நீங்க சரின்னு சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க, ஆன்ட்டி" என்றாள் பெனிஷா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே எல்லாம் விளங்கிவிட்டது.

மூன்று பொய்யும் ஒரே மூச்சில் வெளுத்துப்போயின. ரெஜினா அதிரசத் தட்டைக் கீழே வைத்தாள். "கோடவுன்ல கட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். பெனிஷா எழுந்து போய்விட்டாள்.

*

இதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

சங்கிலி அவிழ்ந்த டப்பாஸ் கூடத்துக்குள் புகுந்தது. இரண்டு சுற்று ஓடியது. எல்லோரையும் மோந்து பார்த்தது. பிறகு, இந்தக் கூட்டத்தில் வேலைக்கு ஆகிற ஆள் இவன்தான் என்று முடிவு கட்டியதுபோல் ஜெனிஷின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜெனிஷ் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான்.

ஞானபாக்கியம் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

"சின்னப் புள்ளையில ஒரு நாய் வெரட்டிக் கடிச்சுப்போட்டு. அதுலருந்து பயம், அவ்வளவுதான். இது என்ன, பூனைக் கணக்கா இருக்கு."

"எலி புடிக்கிறதுல கில்லாடிம்மா" என்றாள் செல்லம்மா. "குப்பத்துல எங்க வலையாண்ட ஒரு எலி அண்டாது."

"அப்படியா? எங்க கடைல எலித் தொல்லை தாங்கல." ஞானபாக்கியம் ரெஜினாவைப் பார்த்துச் சிரித்தார். "மதினி, இதுக்குப் போயா இம்புட்டு ஒளிச்சீங்க? கேட்டது நான்தான், தப்பு என்மேல. பிள்ளைங்க ரெண்டும் பேசட்டும். அது பாட்டுக்கு நாயும் வரட்டும்."

சூசை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பெனிஷாவின் முகத்தில்கூடக் கோபம் இளகியது. ரெஜினா எத்தனை நாளாகக் கேட்ட வரமோ, அது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும்.

டப்பாஸ் மடியிலிருந்து குதித்து, மூலையிலிருந்த தன் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. மடமடவென்று குடித்தது. நாய் தண்ணீர் குடிப்பது ஒரு விஷயமா? ஆனால் ரெஜினாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து அது எங்கே போய்ப் படுக்கும், யார் கண்டுபிடிப்பார்கள், பெனிஷா அதைத் தூக்கும்போது எப்படிக் கனக்கும் என்பதெல்லாம் அவள் கண்முன் வந்தது. சூசையைத் தவிர யாருக்கும் காரணம் தெரியப்போவதில்லை. ஏதோ நோய் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிவிட முடியும் என்று தனக்குத் தோன்றியதே, அதுதான் அவளை உலுக்கியது.

"அவன் எலி கேக்கைத் தின்னுட்டான்" என்றாள்.

"யாரும்மா?"

"டப்பாஸு. கோடவுன்ல. இப்பத்தான்... பாத்தேன்."

பெனிஷா நாயை வாரி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

*

ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருந்த நாய் ஆஸ்பத்திரி தண்டையார்பேட்டைப் பக்கம் ஒன்றுதான். சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பெனிஷாவும் ரெஜினாவும் ஏறிய ஆட்டோ சந்து கண்ட இடத்திலெல்லாம் நுழைந்தது. பின்னாலேயே, யாரோ ஒருவருடைய பைக்கை வாங்கிக்கொண்டு ஜெனிஷ் வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

ஆட்டோவில் டப்பாஸுக்கு ஒரே குஷி. தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு லாரியையும் பார்த்துக் குரைத்தது. பெனிஷா அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரெஜினா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னாலேயே பார்த்துவிட்டதை இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வழி முழுக்க நினைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

மருத்துவர் இளவயதுப் பெண். நாயை மேஜைமேல் ஏற்றி, வாயைத் திறந்து பார்த்தார்.

"எப்போ சாப்பிட்டான்?"

"இப்பத்தான் டாக்டர்" என்றாள் பெனிஷா. "அம்மா பார்த்த உடனே தூக்கிட்டு வந்துட்டோம்."

"அப்படின்னா பிரச்சனை இல்ல. வாந்தி எடுக்க வெச்சா எல்லாம் வெளிய வந்துடும்." ஈறுகளை விரலால் நீக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ஆனா இந்தக் கேக் தின்னா வாயெல்லாம் சாயம் ஒட்டியிருக்கணும். இவன் சுத்தமா இருக்கான். தின்னது நிச்சயமா தெரியுமா? எலி தின்னுட்டுப் போன தட்டா இருக்கப்போகுது."

பெனிஷாவின் கண்ணில் ஒரு நம்பிக்கை மின்னியது. அம்மா பக்கம் திரும்பினாள். ஆமாம், எலிதான் தின்றது என்று சொல்லு என்று கெஞ்சுவதுபோல் பார்த்தாள்.

ரெஜினாவுக்கு அந்த ஒரு பார்வையே போதுமாக இருந்தது. ஆமாம் என்றால் மகள் மகிழ்ந்துபோவாள். நாய் செத்துப்போகும்.

"தின்னது நிச்சயம்" என்றாள். "வாயெல்லாம் நீலமாத்தான் இருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

மருத்துவரின் கை நின்றது.

"இப்பவும் இல்ல டாக்டர். அவிய வாரதுக்கு முன்னாலயே. தட்டுல ஒண்ணும் மிச்சம் இல்ல. முழுசும் தின்னுட்டான். எனக்கு அப்பவே தெரியும்."

கதவருகே நின்ற ஜெனிஷ் தலையைக் குனிந்துகொண்டான். மருத்துவர் அவளைத் திட்டவில்லை. "இதை இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, உதவியாளரிடம் வேறு மருந்தை எடுக்கச் சொன்னார். நேரமாகிவிட்டது, கொஞ்சம் ரத்தத்தில் கலந்திருக்கும், ரத்தம் உறையாமல் உள்ளேயே கசியும், அதற்கு வைட்டமின் ஊசி உடனே தொடங்க வேண்டும், இந்த மூன்று நாளைத் தாண்டினால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்.

பெனிஷா அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் முறுக்கு எடுத்து வெச்சியா?"

"ஆமா."

"அதிரசமும்?"

"ஆமா மக்களே."

பெனிஷா அழுதிருந்தால் ரெஜினாவுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. நாயைப் பிடித்துக்கொள்ள ரெஜினா மேஜையை நெருங்கியபோது, "ஜெனிஷ், இவனோட பின்னங்காலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள். ஜெனிஷ் ரெஜினாவைச் சுற்றிக்கொண்டு வந்து பிடித்தான்.

ஊசி போட்டதும் டப்பாஸ் வாந்தி எடுத்தது. ரெஜினா சுவரோரம் நின்று பார்த்தாள். தட்டத்தில் விழுந்தது நீலமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம்தான் இருந்தது. மருத்துவர் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு அடுத்த ஊசியை எடுத்தார்.

ஜெனிஷின் செல்பேசி அடித்தது. "அம்மா" என்று எடுத்தவன், ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு ரெஜினாவைப் பார்த்தான். "வந்து சொல்றேன்மா. எல்லாத்தையும் வந்து சொல்றேன்" என்றபடி வெளியே போனான். எல்லாம் என்றால் எதுவரை என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் இப்போது தனக்கு இல்லை என்று பட்டது.

மேஜைமேல் டப்பாஸ் தள்ளாடி எழுந்து நின்றது. அறையைச் சுற்றிப் பார்த்தது. பெனிஷாவின் பிடியை உதறிக்கொண்டு, சுவரோரம் நின்ற ரெஜினாவை நோக்கி இழுத்தது. வால் விடாமல் ஆடியது. இதுவரை எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறாள், ஒரு நாளும் வந்ததில்லை. இன்று அவள் கூப்பிடவே இல்லை.

பெனிஷா சிறிது நேரம் அதைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். பிறகு பிடியைத் தளர்த்தினாள்.

"வந்து வாங்கிக்கம்மா" என்றாள். "அவனுக்கு நீ செஞ்சது தெரியாது."

ரெஜினா இரண்டு கையையும் நீட்டினாள். டப்பாஸ் வந்து அந்தக் கைகளை நக்கியது. தூக்கிக்கொள்ளவும் முடியாமல், கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் அவள் அப்படியே நின்றாள்.